ஐ.டி. வேலை போனால் தலையெழுத்தா?

ஐ.டி. கம்பெனிகளில் ஆட்குறைப்பு என்னும் பேச்சு சென்ற சில வருஷங்களாக நம் நகரங்களில் மட்டுமல்லாமல் கிராமங்களிலும் அடிபட்டு வருகிறது. நிலத்தை அடமானம் வைத்தும், நகையை விற்றும், பாங்கியில் கல்விக்கடன் வாங்கியும் பிள்ளைகளை என்ஜினீயரிங் படிக்க வைத்த பெற்றோர்கள் வீடுகளில் இன்று அந்தப் பேச்சு சாவுச் செய்தி போல் வந்து விழுகிறது. வேலை போன பையன் அதை வீட்டில் சொல்லாமல் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல் புறப்பட்டுப் போய், பொழுதுபோனபின் திரும்புகிறான் என்பதும் நாம் காணாத சங்கதியல்ல. ஏன் இந்த ஒளிவுமறைவு என்றால், வேலை போவது ஒரு அவமானம் என்றும், தன் யோக்கியதைக் குறைவுதான் அதற்குக் காரணம் என்றும், அல்லது தன் ஜாதகத்தில் ஏதோ தோஷம் இருக்கிறதென்றும் அவன் நினைக்கும்படி செய்யப்பட்டிருக்கிறான். இந்த எண்ணம் எவ்வளவு பொய்யானது என்பதைக் காட்டவே இதை எழுதுகிறோம்.

முதலில் ஜோசியரை விசாரித்து விடுவோம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி தன் சிப்பந்திகளில் நூற்றுக்கு இரண்டு பேர், அதாவது சுமார் 12,000 பேரை வெளியேற்றப் போவதாக அறிவித்தது. இந்தப் பன்னிரண்டாயிரம் பேரும் ஒரே ராசியில் பிறந்தவர்களா? ஒரே நட்சத்திரக்காரர்களா? மேஷம் முதல் மீனம் வரை எல்லா ராசிக்காரரும், ராகுகாலம் பார்த்துப் புறப்பட்டவரும் பாராமல் புறப்பட்டவரும், ஒரே சமயத்தில் வெளியே தள்ளப்பட்டார்கள் என்றால், இந்தச் சனிபகவான் கம்பெனியின் வரவு செலவுக் கணக்கைப் பார்த்த பிறகுதான் யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார் போலும்! ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூர் என்னும் ஊரில் "விசா பாலாஜி" என்று ஒரு சாமி இருக்கிறது. அதை 11 தடவை சுற்றி வேண்டிக்கொண்டால் அமெரிக்காவுக்கு விசா கிடைக்குமென்றும், கிடைத்தபின் வந்து 108 தடவை சுற்ற வேண்டுமென்றும் படித்த வாலிபர்கள் வரிசையில் நிற்கிறார்கள். 2025 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி, புதிதாக எச்-1பி விசாவுக்கு மனுப் போட 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று ஒரு கையெழுத்துப் போட்டாரே, அத்தனை பிரதட்சணமும் அந்தப் பேனாவைத் தடுக்கவில்லையே என்று கேட்டால் நம்மை நாஸ்திகன் என்கிறார்கள். போகட்டும்.

காரணம் ஆகாயத்தில் இல்லை. 2020-ல் கொரோனா வந்து உலகமே வீட்டுக்குள் அடைபட்ட காலத்தில், கடையும் பள்ளிக்கூடமும் கச்சேரியும் கம்ப்யூட்டருக்குள் புகுந்தன. வட்டியோ அமெரிக்காவில் ஏறக்குறைய பூஜ்யமாய் இருந்தது. கிடைத்த பணத்தைக் கொண்டு கம்பெனிகள் கண்ணை மூடிக்கொண்டு ஆள் சேர்த்தன. பேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பெனியில் 2019 முடிவில் 45,000 பேருக்குச் சற்றுக் குறைவாக இருந்தவர்கள் 2022 செப்டம்பரில் 87,000 பேருக்கு மேலானார்கள். 2022 மார்ச்சு முதல் அமெரிக்க மத்திய பாங்கி வட்டியை ஏற்ற ஆரம்பித்து, 2023 ஜூலைக்குள் அது நூற்றுக்கு 5¼-க்கு மேல் போய்விட்டது. உடனே முதலாளிகளுக்குச் சிக்கனம் ஞாபகத்துக்கு வந்தது. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும், மைக்ரோசாப்டு 10,000 பேரையும், அமேசான் 18,000 பேரையும் நீக்குவதாகச் சொல்லின. ஆள் சேர்த்ததில் கணக்குத் தவறியவர்கள் யாரோ, அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

அங்கே தும்மினால் இங்கே ஜலதோஷம் என்பதுபோல், அங்குள்ள கம்பெனிகளின் வேலையைக் கூலிக்கு வாங்கிச் செய்வதே நம் நாட்டுப் பெரிய ஐ.டி. கம்பெனிகளின் தொழிலாதலால், வெட்டு இங்கும் விழுந்தது. 2023-24 ஒரு வருஷத்தில் மட்டும் டி.சி.எஸ்., இன்போசிஸ், விப்ரோ ஆகிய மூன்று கம்பெனிகளில் ஆள் எண்ணிக்கை ஏறக்குறைய 64,000 குறைந்தது. இதில் பெரும்பகுதி, போனவர்கள் இடத்தில் ஆள் போடாமல் விட்டது. இந்த விதத்தில் குறைப்பதை யாரும் ஆட்குறைப்பு என்று சொல்லுவதில்லை. ஆனால் கல்லூரியை விட்டு வெளியே வந்த பையனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதற்கு மேல் இப்போது செயற்கை நுண்ணறிவு என்னும் யந்திரம் வந்திருக்கிறது. தங்கள் கம்பெனியின் புரோகிராம் எழுத்தில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை இப்போது யந்திரமே எழுதுகிறதென்று மைக்ரோசாப்டு தலைவர் 2025 ஏப்ரலில் சொன்னார். யந்திரத்தை நாம் குறை கூறவில்லை. மனிதனின் கஷ்டமான வேலையை யந்திரம் செய்யட்டும் என்றே எப்போதும் சொல்லி வருகிறோம். பத்துப் பேர் வேலையை யந்திரம் செய்தால், பத்துப் பேருக்கும் வேலை நேரம் குறைவதுதான் நியாயம். ஒன்பது பேர் தெருவுக்கு வந்து, மிஞ்சிய ஒருவன் ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருப்பது யந்திரத்தின் குற்றமா? புதிதாகச் சேருகிற பையனுக்குச் சம்பளம் பத்துப் பதினைந்து வருஷமாக வருஷத்துக்கு மூன்றரை லட்சத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்போசிஸ் தலைமை அதிகாரிக்கோ 2024-25-ல் 80 கோடி ரூபாய்க்கு மேல். அதாவது இரண்டாயிரம் வாலிபர்களுக்கு மேற்பட்டவர்களின் சம்பளம் ஒரே ஆசாமிக்கு.

டி.சி.எஸ். தலைவர் 12,000 பேரைப் பற்றிச் சொன்ன சமாதானத்தையும் கவனிக்க வேண்டும். இது யந்திரத்தால் வந்ததல்லவாம். சிப்பந்திகளின் திறமை தேவைக்குப் பொருந்தவில்லையாம். இந்தப் பல்லவியை நம் ஜனங்கள் முன்பே கேட்டிருக்கிறார்கள். 1928-ல் தென்னிந்திய ரயில்வே தன் பட்டறைகளைப் பொன்மலைக்குக் கொண்டுவந்த சமயத்தில், தொழிலாளிகளுக்குத் திறமைப் பரீட்சை என்று ஒன்று வைத்து ஆயிரக்கணக்கானவர்களைக் கழிக்கப் பார்த்தது. வருஷக்கணக்காக என்ஜினைக் கழற்றி மாட்டிய கைகளுக்கு அப்போதுதான் பரீட்சை வேண்டியிருந்தது! தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிங்காரவேலர் போன்றவர்கள் சிறை புகுந்தார்கள். கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, 2025 பிப்ரவரியில், மைசூரிலுள்ள இன்போசிஸ் பயிற்சி நிலையத்தில் பரீட்சையில் தேறவில்லை என்று 300-க்கு மேற்பட்ட வாலிபர்கள் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டார்கள். இவர்களில் பலர் 2022-ல் தேர்ந்தெடுக்கப்பட்டு, இரண்டு வருஷத்துக்கு மேல் இதோ கூப்பிடுகிறோம் என்று காக்க வைக்கப்பட்டவர்கள். அந்த இரண்டு வருஷத்துக்கு யார் பரீட்சை வைப்பது?

நிற்க, இந்தச் சமயத்தில் மனிதன் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, ராஜிநாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கம்பெனிக்காரர் "உன்னை நீக்குகிறோம்" என்று எழுதிக் கொடுப்பது அபூர்வம். எச்.ஆர். அதிகாரி ஒரு அறைக்குக் கூப்பிட்டு, "நீயே விலகுவதாக எழுதிக் கொடு, இல்லாவிட்டால் நல்ல சர்டிபிகேட் கிடையாது, வேறெங்கும் வேலை கிடைக்காது" என்று மிரட்டுவதும், அரை மணி நேரத்தில் முடிவு சொல் என்பதும்தான் வழக்கம். பயந்துபோன பையன் கையெழுத்துப் போட்டவுடன், சட்டப்படி அவன் நீக்கப்பட்டவனல்ல, தானே போனவன்! நஷ்டஈட்டுப் பேச்சே அத்தோடு தீர்ந்தது. சட்டமோ வேறு சொல்லுகிறது. 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தில் இருந்து, 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்திருக்கும் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடருகிற ஏற்பாடு என்னவென்றால், ஒரு வருஷம் வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பில் நீக்குவதானால் ஒரு மாத நோட்டீசும், வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்பது. ஐந்து வருஷம் முடித்தவருக்குக் கிராஜுவிடி தனி. ஆதலால், எதையும் எழுத்தில் கேளுங்கள். யோசிக்க அவகாசம் கேளுங்கள். நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, "நன்றாக வேலை செய்தாய்" என்று வருஷா வருஷம் கொடுத்த மதிப்பீட்டுக் கடிதம் இவைகளை இன்றைக்கே வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கதவு சாத்தப்பட்ட பின் கம்ப்யூட்டரும் திறக்காது, அடையாளச் சீட்டும் வேலை செய்யாது.

"நாங்கள் தொழிலாளிகளா, உத்தியோகஸ்தர்கள் அல்லவா" என்று சிலர் கௌரவம் பார்க்கிறார்கள். இந்தக் கௌரவத்தில்தான் முதலாளி குளிர் காய்கிறான். பெயருக்கு மானேஜர் என்றும் லீட் என்றும் பட்டம் கொடுத்துவிட்டு, தகராறு வந்தால் "இவர் மானேஜர், தொழிலாளி அல்ல, சட்டம் பொருந்தாது" என்று கோர்ட்டில் சொல்லுவதற்கே அந்தப் பட்டம். 2015-ல் சென்னையில் டி.சி.எஸ். நீக்கிய ஒருவர் விஷயத்தில் இதே வாதம் வந்தது. அவர் விடாமல் ஏழு வருஷம் வழக்காடினார். 2022-ல் சென்னைத் தொழிலாளர் கோர்ட்டு, அவர் செய்தது தொழில்திறமை வேலையே தவிர நிர்வாக வேலையல்ல என்று கண்டு, பழைய சம்பளத்தோடு திரும்பச் சேர்த்துக்கொள்ளத் தீர்ப்பளித்தது. அதே 2015 ஜனவரியில், கர்ப்பமாயிருந்த ஒரு பெண் சிப்பந்தியை நீக்கிய உத்தரவுக்குச் சென்னை ஹைகோர்ட்டு தடை கொடுத்தது. பிறகு கம்பெனியே உத்தரவை வாபஸ் வாங்கியது. அந்தச் சமயத்தில்தான் ஐ.டி. சிப்பந்திகளின் சங்கங்களும் தலைகாட்டின. சங்கம் என்றால் ஆலைத் தொழிலாளிக்குத்தான் என்கிற எண்ணத்தை நம் என்ஜினீயர் தோழர்கள் விட்டொழிக்க வேண்டும். தனியாக அறைக்குள் கூப்பிட்டால்தான் மனிதன் பயப்படுவான் என்பது எச்.ஆர். அதிகாரிக்குத் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

இரண்டாவது, வேலை தேடும் அவசரத்தில் மோசக்காரர் கையில் விழாதீர்கள். "இரண்டு லட்சம் கொடு, பின்வாசல் வழியாகச் சேர்த்துவிடுகிறேன்" என்கிற ஏஜெண்டுகள் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கிறார்கள். வேலை கொடுக்கிறவன் பணம் கேட்கமாட்டான். இதைவிடக் கொடிய மோசம் வேறொன்றுண்டு. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டி, ஐ.டி. தெரிந்த வாலிபர்களை விமானம் ஏற்றி, எல்லை தாண்டி மியன்மாரில் மியாவாடி என்னும் இடத்துக்குக் கடத்திக்கொண்டுபோய் அடைத்து, உலகத்தாரை இன்டர்நெட்டில் ஏமாற்றும் வேலையை அடித்துச் செய்ய வைத்தார்கள். 2022 செப்டம்பரில் இந்திய அரசாங்கமே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அவ்வருஷம் அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கியவர்களில் நம் தமிழ் வாலிபர்களும் இருந்தார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு வா என்று எவன் சொன்னாலும் அவன் திருடன்.

மூன்றாவது, வேலை அடியோடு அற்றுப் போய்விடவில்லை, இடம் மாறுகிறது. வெளிநாட்டுப் பாங்கிகளும், மோட்டார் கம்பெனிகளும், மருந்துக் கம்பெனிகளும் கூலிக்கு வேலை கொடுப்பதை விட்டுத் தாங்களே இங்கு ஆபீசு திறக்கின்றன. 2023-24 கணக்குப்படி இந்தியாவில் இப்படிப்பட்ட ஆபீசுகள் சுமார் 1,700. அவைகளில் 19 லட்சம் பேர் வேலை செய்தார்கள். கோயமுத்தூரிலும் இவை வந்திருக்கின்றன. ஆனால் இங்கே ஒரு சங்கடம். இந்த வேலைகளில் பெரும்பாலும் உள்ளே இருப்பவன் சிபாரிசு செய்தவனுக்கே முதல் அழைப்பு. ரெஃபரல் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டால் அது சிபாரிசு இல்லையென்று ஆகிவிடுமா? உள்ளே இருப்பவன் தன் சொந்தக்காரனையும், தன் தெருக்காரனையும், தன் ஜாதிக்காரனையும்தான் பெரும்பாலும் அறிவான். தனியார் கம்பெனிகளில் வகுப்புவாரி உரிமையும் கிடையாது. முதல் தலைமுறையாகப் படித்து வந்த கூலிக்காரர் மகனுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள்? ஆகவே, ஏற்கெனவே உள்ளே போய்விட்ட நம் தோழர்கள் ஒவ்வொருவரும், தனக்கு முன்பின் தெரியாத, தன் மாவட்டத்துக் கல்லூரியில் படித்த, ஆதரவற்ற இரண்டு பேருடைய விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்து, தகுதியிருந்தால் பெயர் கொடுக்க வேண்டும். இதற்குக் காசு செலவில்லை. கால் மணி நேரம் போதும்.

மற்றபடி, கற்பதை நிறுத்தினவன் இந்தத் தொழிலில் பிழைக்க முடியாது என்பதும் உண்மையே. யந்திரம் எழுதுவதைப் பிழை பார்த்துத் திருத்தத் தெரிந்தவனுக்கு வேலை இருக்கும். அது எழுதுவதையே தானும் மெதுவாக எழுதுகிறவனுக்குக் கஷ்டந்தான். தமிழ்நாடு அரசாங்கம் 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி உண்டு. ஏழரைச் சனிக்குப் பரிகாரம் செய்கிற பணத்தில் ஒரு வருஷத்துக்கு இன்டர்நெட்டும் புஸ்தகமும் வாங்கலாம்.

கடைசியாகப் பெற்றோர்களுக்கும் ஊராருக்கும் ஒரு வார்த்தை. "லட்சம் லட்சமாக வாங்கினார்களே, இப்போது படட்டும்" என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். அந்தச் சம்பளத்தில்தான் பழைய மகாபலிபுரம் ரோட்டில் டீக்கடைக்காரரும், ஆட்டோ ஓட்டுகிறவரும், சமையல் வேலை செய்யும் அம்மாளும், மேன்ஷன்காரரும் பிழைக்கிறார்கள். எரிகிற வீடு பக்கத்து வீடு என்று வேடிக்கை பார்ப்பவனுக்கு நாம் என்ன சொல்லுவது? பெற்றோர்களோ, பையனுக்கு நல்ல சம்பளம் வந்த மறு மாதமே வீட்டுக் கடன், கார்க் கடன், தங்கைக்கு ஐம்பது பவுன், ஊரைக் கூட்டிக் கலியாணம் என்று அவன் கழுத்தில் இருபது வருஷத்துத் தவணைகளைக் கட்டிவிடுகிறார்கள். வேலை போகிற நாளில் அவனை எச்.ஆர். அதிகாரி முன் நடுங்க வைப்பது இந்தத் தவணைகள்தான். ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணமும், கம்பெனியை நம்பாமல் சொந்தத்தில் எடுத்த வைத்திய இன்ஷூரன்சும் இருந்தால், அவன் அந்த அறையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "எழுத்தில் கொடுங்கள்" என்று சொல்லுவான். மகன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், பக்கத்தில் உட்கார்ந்து, வேலையில் என்ன சங்கதி என்று அவனையே கேளுங்கள்.