ஆழ்கடிக்கு அலைனர் ஆகாதா?

மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மூடியிருப்பது இயல்பு. கீழ்ப்பல் வெளியே தெரியாமல், அதன் நுனி அண்ணத்து ஈறைக் குத்தும் அளவுக்கு மூடிக்கொண்டால் அது முற்றிய டீப் பைட், அதாவது ஆழ்கடி. "இதுக்குக் கிளிப்தான் போடணும், அலைனர் வேலைக்கு ஆகாது" என்று ஆழ்கடி உள்ளவர்களைத் திருப்பி அனுப்பும் பல் மருத்துவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் சொல்லும் காரணங்களில் உண்மை இருக்கிறது. அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறு.

பல் வரிசையின் மேல் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையான அலைனர் கடைவாய்ப்பற்களையும் மூடுகிறது, மெல்லும் தசையின் அழுத்தத்தில் அவை அமுங்கும், பின்னால் அமுங்கினால் முன்னால் கடி இன்னும் ஆழமாகும் என்பது முதல் வாதம். சரிதான். ஆனால் இதற்கு மாற்று வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. 2014-இல் புழக்கத்துக்கு வந்த இன்விசலைன் ஜி5 என்ற அலைனர் வகையில், மேல் முன்பற்களின் உட்புறத்தில் பைட் ரேம்ப் எனும் சிறு மேடு அலைனரிலேயே வார்க்கப்பட்டது. வாயை மூடினால் கீழ் முன்பல் முதலில் அதில்தான் முட்டும். கடைவாய்ப்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். மேல், கீழ் பற்களுக்கு இடையே முன்பின் இடைவெளி அதிகமாக இருந்தால் கீழ்ப்பல் அந்த மேட்டை எட்டாது. அதை முன்கூட்டியே அளந்து பார்க்க வேண்டியது மருத்துவரின் பொறுப்பு.

"பிளாஸ்டிக்கால் பல்லை எலும்புக்குள் இறக்க முடியாது" என்பது அடுத்தது. இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது, ஏனென்றால் இது விசையின் அளவையே தப்பாகப் புரிந்துகொள்கிறது. ஒரு வெட்டுப்பல்லை உள்ளிறக்க 10 முதல் 20 கிராம் விசை போதும். வேரின் கூர்நுனியில் அழுத்தம் குவிவதால் அதற்கு மேல் போனால் வேர் கரையும் ஆபத்துதான் கூடும். ஆகவே குறை பிளாஸ்டிக்கின் பலத்தில் இல்லை, பிடிமானத்தில் இருக்கிறது. முன்பல்லைக் கீழே அழுத்தும் அதே அலைனர், எதிர்விசையால் முன்கடைவாய்ப்பற்களின் மேலிருந்து கிளம்பப் பார்க்கும். வழுவழுப்பான பல்லில் அதைப் பிடித்து நிறுத்த எதுவுமில்லை. அதற்காகத்தான் அந்தப் பற்களில் காம்போசிட் என்ற பல் அடைப்புப் பொருளால் அட்டாச்மென்ட் எனும் சிறு புடைப்பை ஒட்டுகிறார்கள். ஆறு முன்பற்களையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் இந்தப் பிடியும் தளரும். கோரைப்பற்களை ஒரு கட்டத்திலும் வெட்டுப்பற்களை அடுத்த கட்டத்திலும் இறக்கினால் தாங்கும்.

இன்னொன்று, நுனியில் விழும் விசை வேரின் தடைமையத்துக்கு (பல் சாயாமல் நகர விசை கடந்து செல்ல வேண்டிய புள்ளிக்கு) முன்னால் செல்வதால் பல் முன்னோக்கிச் சாயும். உள்ளே மடிந்த பற்களுக்கு இந்தச் சாய்வே பாதி சிகிச்சை. ஏற்கெனவே முன்தள்ளி, ஈறு மெலிந்த பற்களுக்கோ அது கேடு.

கடைசியாக ஆய்வுகளைக் காட்டுவார்கள். 2017-இல் கோஸ்ரவி குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஆழ்கடி உள்ளவர்களுக்குக் கடி திறந்தது, அதாவது மேற்பல் கீழ்ப்பல்லை மூடும் அளவு குறைந்தது, இடைநிலையாக 1.5 மி.மீ. மட்டுமே. 2020-இல் வந்த ஹவ்லி குழுவின் ஆய்விலும் வெட்டுப்பல் உள்ளிறக்கம் திட்டமிட்டதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் நடந்தது. இந்த எண்களை நான் மறுக்கவில்லை. திரையில் தெரிவது அப்படியே வாயில் வராது, ஆகையால் கூடுதலாகத் திட்டமிட வேண்டும் என்பதே அவற்றின் பொருள். கிளிப்பில் போடும் கம்பியின் கதையும் வேறல்ல. ஒரே நீளக் கம்பி பெரும்பாலும் பின்பற்களை வெளியே இழுத்துத்தான் கடியைத் திறக்கிறது. உண்மையான உள்ளிறக்கத்துக்குக் கம்பியைத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும் என்று பல்சீரமைப்பு நிபுணர் சார்லஸ் பர்ஸ்டோன் 1977-லேயே எழுதினார். கம்பிக்கும் விசைத்திட்டம் தேவைப்பட்டது, அலைனருக்கும் தேவைப்படுகிறது.

தாடை எலும்பின் அமைப்பிலேயே கோளாறு உள்ளவர்களுக்கும், நாளுக்கு 20 மணி நேரத்துக்குக் குறையாமல் மாட்ட முடியாதவர்களுக்கும் அலைனரைப் பரிந்துரைக்க மாட்டேன். மற்றவர்களுக்கு, ஒவ்வொரு பரிசோதனையிலும் முன்கடைவாய்ப்பல்லின் அட்டாச்மென்ட் அலைனரின் குழிக்குள் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடையே வெளி தெரிந்தால் முன்பல் இறங்கவில்லை. அடுத்த அலைனருக்கு மாறாமல் புதிதாக ஸ்கேன் எடுத்துத் திட்டத்தைத் திருத்த வேண்டும்.