வாழ்த்து மடலும் வாக்குப் பதிவும்

ஆண்டுதோறும் தை பிறக்கும்போது, பிரித்தானியாவில் எம்மவர் செறிந்து வாழும் தொகுதிகளின் பாராளுமன்ற உறுப்பினர்களிடமிருந்து பொங்கல் வாழ்த்துகள் வந்து சேர்கின்றன. 'வணக்கம்' என்று தமிழில் தொடங்கும் மடல்களும் அவற்றுள் உண்டு. கோவில் திருவிழாவிலும் தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவிலும் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகின்றோம்; படம் பிடிக்கின்றோம்; அப்படம் அடுத்த வாரம் பத்திரிகையில் வெளிவருகின்றது. இம்மரியாதையில் தவறேதும் இல்லை. வந்த விருந்தினரை உபசரிப்பது எமது பண்பாடு. ஆனால் அதே உறுப்பினர், தஞ்சம் கோருவோரைப் பற்றிய சட்டமூலம் ஒன்று சபைக்கு வந்த இரவில் எந்தப் பக்கம் நடந்து சென்றார் என்று எம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்?

'நடந்து சென்றார்' என்பது இங்கு உருவகமன்று. பிரித்தானியப் பொதுச்சபையில் வாக்கெடுப்பு உண்மையில் நடந்தே நிகழ்கின்றது. மணி ஒலித்ததும், வழமையாக எட்டு நிமிட நேரத்துக்குள், உறுப்பினர்கள் சபாநாயகரின் வலப்புறத்திலுள்ள 'ஆம்' நடைகூடத்துக்கோ இடப்புறத்திலுள்ள 'இல்லை' நடைகூடத்துக்கோ சென்றாக வேண்டும். அதன்பின் கதவுகள் பூட்டப்படுகின்றன. சென்றவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பதியப்படுகின்றன. பழைய வெஸ்ற்மின்ஸ்ரர் மாளிகை 1834 ஆம் ஆண்டு தீக்கிரையானது. 1836 ஆம் ஆண்டு முதல் இப்பெயர்ப் பட்டியலைச் சபையே வெளியிட்டு வருகின்றது. இன்று அது ஹன்சார்ட் அறிக்கையிலும் பாராளுமன்றத்தின் இணையத்தளத்திலும் எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய ஆவணமாகும். விழா மேடையில் பேசிய பேச்சு காற்றோடு போய்விடும். இப்பட்டியலில் ஏறிய பெயர் நிலைத்து நிற்கும்.

இப்பட்டியல் எமது வாழ்வை எவ்வாறு தொட்டது என்பதற்குச் சான்றுகளைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. பொதுநலவாய நாடுகளுள் முதன்முதலாக இலங்கையின் குடிமக்கள் மீதே 1985 ஆம் ஆண்டு விசாக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 1983 யூலை வன்செயல்களுக்குப் பின் தமிழர்கள் தஞ்சம் தேடி வந்தமையே அதற்குக் காரணம். 1987 பெப்ரவரியில், திருப்பி அனுப்பப்படவிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் ஹீத்ரூ விமான நிலைய ஓடுபாதையோரத்தில் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். அச்செய்தி உலகெங்கும் பரவியது. அடுத்த மாதமே அன்றைய உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹேர்ட் புதிய சட்டமொன்றை அறிவித்தார். உரிய ஆவணங்களின்றி வரும் ஒவ்வொரு பயணிக்கும் விமான நிறுவனம் 1000 பவுண் தண்டம் செலுத்த வேண்டும் என்பதே அச்சட்டம். 1991 ஆம் ஆண்டில் அத்தொகை 2000 பவுணாக உயர்த்தப்பட்டது. குடிவரவு அதிகாரி செய்ய வேண்டிய சோதனையைக் கொழும்பிலும் பிற நகரங்களிலும் விமான நிறுவன ஊழியர்கள் செய்யத் தொடங்கியது இதன் விளைவாகும். அதன் பின்னர் 1993, 1996, 1999, 2002, 2004 ஆம் ஆண்டுகளில் வந்த தஞ்சச் சட்டங்கள் ஒவ்வொன்றும் பாராளுமன்றத்தின் இரு சபைகளையும் கடந்தே வந்தன. உதவிப் பணத்துக்குப் பதிலாகக் கூப்பன் பெற்று வரிசையில் நின்றவர்களும், உறவினர் வாழும் லண்டனை விட்டுத் தொலைநகர்களுக்கு அனுப்பப்பட்டவர்களும் 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தம் உடலால் அறிந்தவர்கள்.

ஆகவே ஓர் உறுப்பினரை மதிப்பிடுவதற்கு முதற் சான்று அவருடைய வாக்குப் பதிவே என்பது எனது உறுதியான கருத்து. ஆயினும் அப்பதிவை வாசிக்கத் தெரியாமல் வாசிப்பது, வாசியாமல் விடுவதிலும் தீங்கானது.

அண்மைக்கால உதாரணம் ஒன்றைக் கூறலாம். தஞ்சம் கோருவோரை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டம் சட்டவிரோதமானதென 2023 நவம்பரில் பிரித்தானிய உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனை மேவி, ருவாண்டா பாதுகாப்பான நாடு என்று சட்டத்தாலேயே பிரகடனஞ் செய்யும் சட்டமூலத்தை அன்றைய பழமைவாதக் கட்சி அரசு கொண்டுவந்தது. 2023 டிசெம்பர் 12 ஆம் திகதி நடந்த இரண்டாம் வாசிப்பில் 313 பேர் ஆதரித்தனர்; 269 பேர் எதிர்த்தனர். 2024 ஜனவரி 17 ஆம் திகதி மூன்றாம் வாசிப்பில் 320 பேர் ஆதரித்தனர். 276 பேர் எதிர்த்தனர். எதிர்த்த 276 பேரும் அகதிகளின் நண்பர்கள் என்று எண்ணிவிடலாகாது. அவர்களுள் சுவெல்லா பிறேவர்மன், றொபேட் ஜென்றிக் உட்பட ஆளுங்கட்சியைச் சேர்ந்த 11 பேர் இருந்தனர். சட்டம் கொடியது என்பதற்காக அவர்கள் எதிர்க்கவில்லை. போதிய அளவு கடுமையானதாக இல்லை என்பதற்காகவே எதிர்த்தனர். பெயர் இருந்த பட்டியல் ஒன்று. அதில் சேர்ந்த காரணங்களோ முற்றிலும் மாறானவை. 2024 யூலையில் ஆட்சி மாறியதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் இந்தப் பாடம் கைவிடத்தக்கதன்று. வாக்கோடு காரணத்தையும் சேர்த்துக் கேட்டாலன்றி ஓர் உறுப்பினரின் நிலைப்பாடு விளங்காது.

வராமையும் ஒருவகை வாக்கே. 1979 மார்ச் 28 ஆம் திகதி, ஜேம்ஸ் கலகனின் தொழிற்கட்சி அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் 311க்கு 310 என்ற கணக்கில், ஒரேயொரு வாக்கினால் வீழ்ந்தது. அன்று கடும் நோயுற்றிருந்த தொழிற்கட்சி உறுப்பினர் ஒருவர் வரவில்லை. வட அயர்லாந்திலிருந்து வந்த பிராங்க் மகுவயர் என்னும் சுயேச்சை உறுப்பினர் எந்தப் பக்கமும் வாக்களியாதிருந்தார். ஆகவே பட்டியலில் ஒருவரின் பெயர் இல்லையெனில் ஏன் இல்லையென்று கேட்க வேண்டும். அவர் நோயுற்றிருக்கலாம், வெளிநாட்டுப் பயணத்தில் இருக்கலாம், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரோடு 'நீரும் வாக்களியாதீர், நானும் வாக்களியேன்' என்ற வழமையான உடன்பாடு செய்திருக்கலாம். அல்லது தொகுதி மக்களுக்கும் கட்சித் தலைமைக்கும் ஒரே நேரத்தில் நல்லவராக இருக்க விரும்பி ஒதுங்கியிருக்கலாம். இவற்றுள் இறுதியானதை மட்டுமே நாம் குறை கூற முடியும். அதற்கும் முதலில் கேட்டறிய வேண்டும்.

கட்சிக் கொறடாவின் கட்டளையை மீற இயலாது என்ற விடையும் அடிக்கடி வருகின்றது. அது பாதி உண்மை. கட்டளையை மீறுபவர் பதவி உயர்வை இழக்கலாம். கட்சியின் பாராளுமன்றக் குழுவிலிருந்து இடைநிறுத்தவும் படலாம். ஆயினும் மீறியவர்கள் சட்டத்தை மாற்றிய நாட்களும் உண்டு. குற்றச்சாட்டின்றி 90 நாட்கள் தடுத்து வைக்கும் அதிகாரத்தைப் பொலிசாருக்கு வழங்க ரொனி பிளேயர் அரசு முயன்றது. 2005 நவம்பர் 9 ஆம் திகதி அம்முயற்சி 322க்கு 291 என்ற கணக்கில் தோற்றது. அரசின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த 49 பேர் எதிர்த்து வாக்களித்தமையே அத்தோல்விக்கு வழிகோலியது. பயங்கரவாதத் தடைச் சட்டமென்றால் என்னவென்று தாயகத்தில் அறிந்து வந்த எமக்கு, அந்த 49 பெயர்களின் பெறுமதியை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இனி, மறுபுறத்தில் நிற்கும் கடிதங்களைப் பார்ப்போம். எமது அமைப்புகள் பெரிதும் கொண்டாடுவது, 'ஏர்லி டே மோஷன்' எனப்படும் பிரேரணைகளில் உறுப்பினர்கள் இடும் கையொப்பங்களை ஆகும். விவாதத்துக்கு நாள் குறிக்கப்படாத பிரேரணைகள் இவை. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஒருபோதும் விவாதிக்கப்படுவதில்லை, வாக்கெடுப்புக்கு விடப்படுவதுமில்லை. அமைச்சர்கள் மரபுப்படி இவற்றில் ஒப்பமிடுவதில்லை. ஒரு பிரச்சினையைச் சபையின் ஏட்டில் ஏற்றுவதற்கு இவை உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கையொப்பமிட்டவர் எதனையும் இழப்பதில்லை. இழப்பதற்கு ஒன்று உள்ளபோது அவர் என்ன செய்தார் என்பதே உரைகல்.

வாக்கெடுப்பே நிகழாத இடங்களும் உண்டு. குடிவரவு விதிகளில் செய்யப்படும் மாற்றங்கள் சபையில் முன்வைக்கப்படுகின்றன. அவற்றை எதிர்த்து எவரேனும் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றாவிடின் வாக்கெடுப்பின்றியே நடைமுறைக்கு வந்துவிடுகின்றன. இங்கே உறுப்பினரின் மௌனத்துக்குப் பதிவேடு இல்லை. அதனைக் கேள்வியாக்க வேண்டியவர்கள் தொகுதி மக்களே.

உறுப்பினர் மக்கள் சொன்னபடியே வாக்களிக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. 1774 ஆம் ஆண்டு பிறிஸ்ரல் நகரில் தெரிவான எட்மண்ட் பேர்க், பிரதிநிதி தன் உழைப்பை மட்டுமன்றித் தன் சுயபுத்தியையும் மக்களுக்குக் கடன்பட்டவர் என்ற கருத்தை அங்கேயே எடுத்துரைத்தார். அயர்லாந்தின் வணிகத்துக்கும் கத்தோலிக்கரின் உரிமைக்கும் சார்பாக அவர் நின்றமை பிறிஸ்ரல் வணிகர்களுக்குக் கசந்தது. 1780 ஆம் ஆண்டுத் தேர்தலின்போது அவர் அந்நகருக்குச் சென்று, தாம் செய்தவற்றை ஒவ்வொன்றாக மக்கள் முன் விளக்கினார். ஆதரவு இல்லையெனக் கண்டபோது போட்டியிலிருந்து விலகினார். இணங்காத மக்களின் முகத்துக்கு முன் நின்று காரணம் கூறும் இப்பண்பே தொகுதி மக்களுடனான தொடர்பாடலின் உயிர். கட்சித் தலைமையகம் வரைந்து கொடுத்த பொது வாசகத்தைப் பெயர் மாற்றி அனுப்புவது தொடர்பாடல் ஆகாது.

எமது சொந்த வரலாறும் இதனையே கற்பிக்கின்றது. மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்த 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்கள் இலங்கைப் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பினாலேயே நிறைவேறின. அப்பிரச்சினையை ஒட்டித் தமிழ்க் காங்கிரஸ் பிளவுண்டது. 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியது. எந்தத் தலைவர் எந்தச் சட்டத்துக்கு எப்படி வாக்களித்தார் என்று முக்கால் நூற்றாண்டு கடந்தும் எம்மவர் வாதிட்டு வருகின்றனர். ஹன்சார்ட் அங்கும் உண்டு. அதைப் புரட்டுவோர் குறைவு. கேள்விப்பட்டதை மேடையில் முழங்குவோர் அதிகம். அப்பழக்கத்தை இங்கும் சுமந்து வந்துவிட்டோமோ என்பதே எனது கவலை.

எனவே ஒவ்வொரு குடும்பமும் செய்யத்தக்க சில காரியங்கள் உள. முதலாவது, இலங்கைக் குடிமக்கள் பொதுநலவாய நாட்டவர் என்ற வகையில், வதிவிட அனுமதி பெற்ற 18 வயது நிரம்பியோர் பிரித்தானியக் கடவுச்சீட்டு இல்லாமலேயே பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். இவ்வுரிமையை அறியாது வாக்காளர் பட்டியலில் பதியாமல் இருப்போர் பலர். இன்றே பதிவு செய்க.

இரண்டாவது, தஞ்ச விண்ணப்பத்துக்கு முடிவு கிடைக்காதவர்களுக்கு வாக்கில்லை. ஆனால் பிரதிநிதி உண்டு. தொகுதியில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் உறுப்பினர் பிரதிநிதியே. 'சேர்ஜரி' எனப்படும் மக்கள் சந்திப்புக்குச் செல்லலாம்; கடிதம் எழுதலாம். உறுப்பினர் உள்துறை அமைச்சுக்கு எழுதித் தாமதத்தை விசாரிக்க முடியும். முடிவை மாற்றும் அதிகாரம் அவருக்கில்லை. எனவே வழக்கு விபரங்களை அனுப்புமுன் சட்டத்தரணியுடன் கலந்து கொள்வது நன்று. கடிதத்தை உங்கள் பெயரிலேயே, உங்கள் முகவரியிலிருந்தே எழுதுங்கள். எமக்காகப் பேசுவதாகக் கூறும் இடைத்தரகர் வழியாகச் செல்லும் நூறு கையொப்பங்களிலும், தொகுதி வாசி ஒருவரின் சொந்தக் கடிதத்துக்கே அங்கு மதிப்பு அதிகம்.

மூன்றாவது, விழாவுக்கு அழைக்கும் அமைப்புகள் அழைப்பிதழோடு மூன்று கேள்விகளையும் அனுப்பட்டும். கடந்த பாராளுமன்றக் காலத்தில் தஞ்சம், குடிவரவு, தடுப்புக்காவல் ஆகியன பற்றிய வாக்கெடுப்புகளில் எப்படி வாக்களித்தீர்கள்? என்ன காரணத்தால்? வாக்களியாத இடங்களில் ஏன் இல்லை? விடைகளைத் தமிழில் மொழிபெயர்த்து விழா மண்டப வாயிலில் ஒட்டுக. கட்சி வேறுபாடின்றி எல்லோரிடமும் கேட்க வேண்டும். 2024 யூலையில் ஸ்ராட்போர்ட் அண்ட் போ தொகுதியில் உமா குமரன் தெரிவானபோது எம்மினம் பெருமை கொண்டது, அப்பெருமை நியாயமானது. ஆனால் எம்மினத்தவர் என்பதற்காகக் கேள்வியைக் குறைப்பது அவருக்கும் பெருமை சேர்க்காது. எமக்கும் நன்மை தராது.

650 உறுப்பினர்களைக் கொண்ட சபையில் எமது எண்ணிக்கை எம்மை அச்சத்துக்குரிய சக்தியாக ஆக்கப்போவதில்லை. கணக்குக் கேட்கும் மக்கள் என்ற பெயரோ எமக்கு மரியாதையைத் தேடித் தரும். வரும் தையிலும் வாழ்த்து மடல் வரும், நன்றியுடன் ஏற்றுக்கொள்வோம். அதற்கு எழுதும் பதிலில் வாக்குப் பதிவைப் பற்றி ஒரு வரி கேட்போம்.