கருவியின் கணக்கில் வராதவர்கள்

கரடியூர் இருக்கும் சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கங்கள். மலை மேலே வெட்டிய பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. 2008-ல் அந்த உருக்காலை மூடப்பட்டது. சுரங்கம் என்றாலே நாம் வெடியையும் தூசியையும் பேசுகிறோம். வண்டி மோதிச் சாவதைப் பேசுவதில்லை.

டிப்பர் ஓட்டுநரின் பார்வை எட்டாத இடங்கள் உண்டு. அதற்குத்தான் மோதல் தடுப்புக் கருவி. ஆனால் அதில் ஒரு வகை, ஆளைப் பார்ப்பதில்லை. ஆள் அணிந்திருக்கும் டேக்கைத்தான் பார்க்கிறது. வருகைப் பதிவேட்டிலேயே பெயர் இல்லாத ஒப்பந்தக் கூலிக்கு யார் டேக் தருவார்? கல் பொறுக்கும் அந்த வேலை எந்தத் தெருக்காரர்களுக்கு வந்து சேர்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டுநரும் மனிதர்தான். தேவையில்லாமல் ஓயாது அடிக்கும் மணியைக் காது தள்ளிவிடும். தரைக்கு மேல் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1952-ஆம் ஆண்டு சுரங்கச் சட்டம் வரம்பு வைத்தது. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் அந்த வரம்பு காகிதத்தோடு சரி. பிறகு விபத்து நடந்தால், "டிரைவர் தூங்கிட்டான்" என்று கணக்கை முடித்துவிடுவார்கள்.

தென்னாப்பிரிக்காவில், ஓட்டுநர் கவனிக்காவிட்டாலும் டீசல் சுரங்க வண்டி தானே நிற்க வேண்டும் என்ற விதி 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நாமும் அதைக் கேட்போம். கூடவே, குழிக்குள் கால் வைக்கும் ஒவ்வொருவரின் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

1943-ல் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், தன்பாத் பகுதி நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தானே இறங்கிப் பார்த்தார். தோழர்களே, நாமும் போய்ப் பார்ப்போம்.

ஜெய் பீம்.