மோட்டார்ப் பந்தயமும் பார்க்கப் போகிறவர்களும்

மோட்டார்ப் பந்தயம் சீமான்களின் பொழுதுபோக்கு, அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் அன்பர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் நடக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, விடியுமுன் எழுந்து பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்கருகே அரைமணி நேரம் நின்று பார்க்கும்படி அவர்களை வேண்டிக்கொள்கிறோம். ஆம்பூரிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் இருவர் இருவராக மோட்டார் சைக்கிளில் வரும் வாலிபர்களில் சீமான் ஒருவரையும் அவர்கள் காணமாட்டார்கள். வாரத்தில் ஆறு நாள் செருப்புத் தொழிற்சாலையில் மேல்தோல் தைப்பவனும், தோல் ஷாப்பில் பீப்பாய் உருட்டுபவனும், பட்டறையில் கார்புரேட்டர் கழுவுபவனுமே கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருப்பார்கள். அரங்கநாதர் பாலாற்றங்கரையில் பள்ளிகொண்ட ஊர் இது. ஆனால் ஊரை அடுத்துச் செல்லும் பெங்களூர்-சென்னை ரஸ்தா கண்மூடி அறியாது. அந்த ரஸ்தாவின் மடியிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு எஞ்சினின் ஓசை தாலாட்டாக இருந்தால் அதில் வியப்பில்லை.

பள்ளிகொண்டாவிலிருந்து அதே ரஸ்தாவில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் சென்றால், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும், ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயக் களம் வருகிறது. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இந்தக் களத்தை அமைத்தது. 1990-இல் இங்கே பந்தயம் தொடங்கியது. அதற்கு முன்னர், செங்குன்றத்துக்கு அப்பாலுள்ள சோழவரத்தில், யுத்த காலத்து விமானத்தளம் ஒன்றே பந்தயக் களமாக இருந்தது. யுத்தத்துக்காகப் போட்ட கான்கிரீட்டில் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வேடிக்கை பார்த்தார்கள். ராஜகுடும்பத்தார் சீமையிலிருந்து தருவித்த கார்களும், உள்ளூர் மெக்கானிக்குகள் பழைய உறுப்புகளைக் கொண்டு ஒட்டவைத்த கார்களும் அங்கே ஒரே கோட்டிலிருந்து கிளம்பியதுண்டு. மோட்டார்ப் பந்தயம் நம் தேசத்தில் ஜனங்களுடைய சொத்தாக மாறத் தொடங்கியது அந்தக் கான்கிரீட்டில்தான் என்பது நமது அபிப்பிராயம்.

டெலிவிஷனில் பார்த்தால் போதாதா, எதற்காக இவ்வளவு தூரம் போகவேண்டும் என்று மற்றொரு கேள்வி எழும். போதாது. டெலிவிஷன் காட்டுவது பந்தயத்தின் கதையை. நேரில் கிடைப்பது அதன் உடம்பு. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் முழுவேகத்தில் வரும் ஒரு வண்டி, வளைவுக்குள் புகுமுன் பிரேக் பிடிக்கும் அந்த ஒரு விநாடியில் எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதைப் படப்பெட்டி ஒருபோதும் காட்டாது. கம்பிவேலியருகே நிற்பவனுடைய வயிறுதான் அதை அறியும். எந்த ஓட்டி முந்திப் பிடிக்கிறான், எவன் பத்தடி பொறுத்துப் பிடிக்கிறான் என்பதை நாலு சுற்றுக்குள் கண்டுகொள்ளும் மெக்கானிக்குப் பையன், பொறியியல் கல்லூரியில் நாலு வருஷத்தில் கிடைக்காத ஒரு பாடத்தைப் படித்துவிடுகிறான். நம் பகுதி வாலிபர்களுக்கு வேறொரு கண்ணும் உண்டு. மோட்டார் சைக்கிள் ஓட்டி கழுத்திலிருந்து கணுக்கால்வரை தோலுடை அணிந்து முழங்கால் தரையைத் தொடச் சாய்கிறான். மற்ற ஊரான் சாய்வைப் பார்க்கிறான். ஆம்பூரான் தையலைப் பார்க்கிறான். விழுந்து தரையில் இழுபடும்போது பிரியாமல் நிற்கவேண்டிய தையல் எது, எவ்விடத்தில் இரட்டைத் தோல் வேண்டும், எவ்விடத்தில் மடிந்துகொடுக்கும் மெல்லிய தோல் வேண்டும் என்பதெல்லாம் அவனுடைய கைக்குத் தெரிந்த விஷயம். வெளிதேசத்தாருக்குக் காலணி தைத்தனுப்பியே ஒரு தலைமுறையைக் கழித்துவிட்ட நமது தொழிலதிபர்கள், இந்த வாலிபர்களில் நாலு பேரை அழைத்து என்ன பார்த்தாய் என்று கேட்டால் புதிய சரக்கு ஒன்றுக்கு வழி பிறக்கக்கூடும்.

இத்தனை ஆவலோடு போகிறவனை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதே இன்று நாம் கேட்கவந்த கேள்வி. களத்தை அளக்கிறோம், வளைவை எண்ணுகிறோம், வண்டியின் எடையைத் தராசில் நிறுக்கிறோம். பார்க்கவருகிறவனுக்கோ கணக்கில் இடமில்லை. ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் கிடையாது. பஸ்ஸில் போகிறவன் ரஸ்தாவில் இறங்கி, லாரிகளுக்கிடையே நடந்தே களத்தை அடையவேண்டும். மாலையில் மேற்கே திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமிருக்குமா என்பது அவனுடைய அதிர்ஷ்டம். ஆகவேதான் அவன் மோட்டார் சைக்கிளில் போகிறான். இதன் பலன் என்னவென்று பின்னால் சொல்வோம்.

2023 செப்டம்பரில் டெல்லிக்கருகே கிரேட்டர் நொய்டாவில் உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் முதன்முதலாக நம் தேசத்துக்கு வந்தது. காட்பாடியில் ரயிலேறி, இரண்டு இரவு கழித்து இறங்கி, அதைப் பார்ப்பதென்றால் சாமானியனுக்கு ஒரு மாதச் சம்பளம் போய்விடும். அந்தப் பந்தயத்தில் இத்தாலியரான மார்க்கோ பெஸ்ஸெக்கி வென்றார். வெயிலின் கொடுமையை முன்னிட்டு 24 சுற்றுக்களை 21 ஆகக் குறைத்தார்கள். அப்படியும் இரண்டாவதாக வந்த ஹோர்ஹே மார்ட்டின் வண்டியைவிட்டு இறங்கியதும் சோர்ந்து விழுந்து சிகிச்சை பெற்றார். தேகப்பயிற்சியே தொழிலாகக்கொண்ட வீரனுக்காக மூன்று சுற்றைக் குறைத்தது சரியான காரியமே. மேற்கூரையில்லாத படிக்கட்டில் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பவனுக்கு எதைக் குறைத்தார்கள்? நிழலும் குடிநீரும் விருந்தல்ல. டிக்கட்டின் விலையில் அடங்கியவை.

அதே களத்தில் 2011 முதல் 2013 வரை மூன்று வருஷம் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. மூன்றிலும் ஜெர்மானியரான செபாஸ்டியன் வெட்டல் ஒருவரே ஜெயித்தார். பிறகு அது நின்றுபோயிற்று. இது விளையாட்டா, கேளிக்கையா, எந்த வரியை விதிப்பது என்ற வழக்கு அதற்கு ஒரு முக்கிய காரணம். சர்க்கார் ஒருபுறம், வக்கீல்கள் ஒருபுறம், கம்பெனிகள் ஒருபுறம் நின்று வாதாடினார்கள். டிக்கட் வாங்கியவன் சார்பில் வாதாட ஒருவருமில்லை.

டிக்கட் வாங்கியவனுக்கு உரிமை என்று ஒன்று உண்டா என்று கேட்பவர்களுக்கு 2005-ஆம் வருஷத்துச் சம்பவம் ஒன்றை நினைவூட்டுகிறோம். கோயம்புத்தூர்ப் பிள்ளையான நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற கீர்த்தி பெற்ற வருஷம் அது. அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் மிஷெலின் கம்பெனியின் டயர்கள் அக்களத்தின் சாய்வளைவைத் தாங்கமாட்டா என்று தெரிந்ததும், அந்த டயரைப் பூட்டிய 14 வண்டிகள் துவக்கச் சுற்றோடு கொட்டகைக்குத் திரும்பிவிட்டன. மிஞ்சிய ஆறு வண்டிகளே ஓடின. அவற்றில் நம் கார்த்திகேயன் நாலாவதாக வந்தார். இங்கே நாம் மகிழ்ந்தோம்; அங்கே தூரதேசங்களிலிருந்து வந்து பணம் கொடுத்து உட்கார்ந்த பெருங்கூட்டம் கூச்சலிட்டது. நியாயமான கூச்சல். அதன் பலனாக மிஷெலின் கம்பெனி டிக்கட் பணத்தைத் திருப்பித் தந்ததுடன், அடுத்த வருஷப் பந்தயத்துக்கு 20,000 டிக்கட்டுகளைத் தன் செலவில் வாங்கிக் கொடுக்கவும் முன்வந்தது. இதற்கு நேர்மாறானது 2021-இல் பெல்ஜியத்தில் நடந்தது. விடாமழையில் மணிக்கணக்கில் நனைந்து காத்திருந்த ஜனங்களுக்கு, பாதுகாப்பு வண்டியின் பின்னே ஊர்வலம்போலச் சில சுற்றுகளைக் காட்டிப் பந்தயம் முடிந்ததென்றார்கள். ஊர்வலம் பார்க்க யாரும் பெல்ஜியம் போகவேண்டியதில்லை.

நம் சென்னையிலும் 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய தினங்களில் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் தெருக்களில் இராப் பந்தயம் நடந்தது. அரசுப் பணத்தை இதில் செலவிடலாமா என்பது உயர்நீதிமன்றம்வரை சென்ற வழக்கு. அதைப்பற்றி நேயர்கள் நிறையப் படித்திருப்பார்கள். நாம் கவனித்தது வேறு. முதல் நாள், மழையாலும் சர்வதேச சம்மேளனத்தின் தரச்சான்று தாமதப்பட்டதாலும், பிற்பகலில் தொடங்குவதாயிருந்த ஓட்டங்கள் இரவுக்குத் தள்ளிப்போயின. சான்றில்லாமல் ஓடவிடாதது சரியே. ஆனால் வெளியூரிலிருந்து வந்தவன் கடைசிப் பஸ்ஸை நினைத்துக்கொண்டே மேடையில் உட்கார்ந்திருந்தான். எத்தனை மணிக்கு ஓடும், ஓடாவிட்டால் பணம் திரும்புமா என்ற இரண்டு கேள்விக்கும் டிக்கட்டின் முதுகிலேயே பதில் அச்சிட்டிருக்கவேண்டும்.

பணம் போனால் மறுபடி சம்பாதிக்கலாம். 2024 ஏப்ரல் 21-ஆம் தேதி இலங்கையில், மலையகத் தமிழர் வாழும் பதுளை ஜில்லாவிலுள்ள தியத்தலாவையில், ஃபாக்ஸ்ஹில் பந்தயத்தின்போது ஒரு கார் தடம் புரண்டு ஜனங்கள் நின்ற இடத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் எட்டு வயதுப் பெண்குழந்தை ஒன்று. 1955-இல் பிரான்ஸில் ல மான் நகரத்தில் எண்பதுக்கு மேற்பட்டவர்கள் இவ்விதமே மடிந்தபோது, ஸ்விட்ஸர்லாந்து தன் மண்ணில் வட்டக்களப் பந்தயத்தையே தடை செய்தது. அவ்வளவு தூரம் போகும்படி நாம் சொல்லவில்லை. நமக்கு வழிகாட்ட ஐரோப்பாவும் வேண்டாம். நம் ஜில்லாவின் மாடு விடும் திருவிழாவே போதும். தை பிறந்தால் வேலூர், திருப்பத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் தெருவின் இருமருங்கும் ஜனங்கள் நிற்க நடுவே காளை ஓடுவதும், குறித்த தூரத்தை அது எத்தனை விநாடியில் கடந்தது என்று கணக்கெடுப்பதும் நேயர்கள் அறிந்தவை. தெருவுக்குள் இறங்கி நிற்பதே வீரம் என்று எண்ணி முட்டுப்பட்டுச் செத்தவர்கள் எத்தனையோ பேர். இப்போது அவ்விழாவுக்கு இரட்டைத் தடுப்பு வேலி கட்டவேண்டும், வைத்தியர் இருக்கவேண்டும் என்று அதிகாரிகள் வற்புறுத்துகிறார்கள். காளைக்கு இரண்டு வேலி என்றால், அதைவிடப் பன்மடங்கு வேகமாக வரும் இரும்புக்கு எத்தனை வேலி?

இனி, திரும்பி வரும் பிரயாணம். நமக்குப் பெருங்கவலை தருவது அதுதான். மாலையில் பந்தயம் முடிகிறது. நாள் முழுதும் வேகத்தையே பார்த்த கண்ணோடும், காதில் இன்னும் ரீங்கரிக்கும் ஓசையோடும் நம் வாலிபன் வண்டியை உதைத்துக் கிளப்புகிறான். எதிரே நாலு மணி நேரத்துக்கு முன் அவன் பார்த்த நேர்ப்பாதையைவிட நீளமான நேர்ப்பாதை, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காஞ்சி எல்லை கடந்து வாலாஜாவரை கிடக்கிறது. கூட்டாளி ஒருவன் பக்கத்தில் வந்து திருகுகிறான். இவனும் திருகுகிறான். பந்தயக் களத்தில் எல்லா வண்டியும் ஒரே திசையில் ஓடும். எதிரே மாட்டுவண்டி வராது. குறுக்கே ஆயா ஒருத்தி நடக்கமாட்டாள். மணல் சிந்திய லாரி நிற்காது. வழுக்கினால் ஓடி நிற்க மண்தரை உண்டு. கொடியும் வைத்தியனும் உண்டு. அவ்வளவும் இருந்தும் 2023-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டைக் களத்திலேயே இரண்டு பேர் உயிரிழந்தார்கள். ஒருவர் அனுபவம் முதிர்ந்த கார் ஓட்டி, மற்றவன் பதின்மூன்று வயதுச் சிறுவன். ஒன்றுமே இல்லாத ரஸ்தாவில் என்ன நடக்கும் என்பதற்கு 2022-ஆம் ஆண்டுக் கணக்கே சாட்சி. அவ்வருஷத்தில் தேசமெங்கும் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் மாண்டவர்கள் 17,884 பேர். எந்த யுத்தத்தில் இத்தனை தமிழரைப் பறிகொடுத்தோம்?

ஆகவே பந்தயமே வேண்டாம் என்று சொல்லும் பெரியவர்களோடு நாம் உடன்படவில்லை. பந்தயத்தை மூடினால் வாலிபர்கள் வேகத்தை மறந்துவிடமாட்டார்கள். வேகத்துக்கு இடம் இது, இடமல்லாதது இது என்று கற்றுக்கொடுக்கும் ஒரே பள்ளிக்கூடத்தைத்தான் மூடியவர்களாவோம். ஹெல்மட் பட்டையை இறுக்கிக் கட்டாமல் எந்த வீரனும் களத்தில் இறங்குவதில்லை என்பதை அவர்கள் கண்ணால் காண்கிறார்கள். பந்தயத்தை நடத்துகிறவர்கள் அந்த வீரர்களையே மாலையில் ஒலிபெருக்கி முன் நிறுத்தி, வீட்டுக்கு மெதுவாகப் போங்கள் என்று தமிழில் நாலு வார்த்தை சொல்லச்செய்தால், போலீஸ் இலாகாவின் ஆயிரம் விளம்பரப் பலகைகளைவிட அது வேலை செய்யும்.

மற்றது போக்குவரத்து விஷயம். திருவண்ணாமலைத் தீபத்துக்கும் ஆடிக் கிருத்திகைக்கும் விசேஷ பஸ் விடத் தெரிந்த அரசுப் போக்குவரத்துக் கழகத்தார், வருஷத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்பூரிலிருந்து பள்ளிகொண்டா, வேலூர், வாலாஜா வழியாக இருங்காட்டுக்கோட்டைக்கு நாலு பஸ்களை விட்டு, பந்தயம் முடிந்த அரைமணிக்குப் பிறகு அவற்றையே களத்தின் வாசலிலிருந்து திருப்பி அனுப்புவது அசாத்தியமான காரியமல்ல. டிக்கட்டோடு பஸ் கட்டணத்தையும் சேர்த்து விற்றால் நஷ்டமும் வராது. பந்தயத் தேதிகளை மோட்டார் கிளப்பார் முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு வேலூர் மண்டலத்து அதிகாரிகள் அடுத்த பருவத்துக்குள் ஒருமுறை சோதித்துப் பார்க்கட்டும். முதல் பஸ் பள்ளிகொண்டாவில் காலை ஐந்தரை மணிக்கு நின்றால் சரியாக இருக்கும்.