காசு வேண்டாம், கற்பனை போதும்!

மைதானத்தில் ஆடுவோர் சிலர். பார்த்து ரசிப்போர் பலர். மூன்றாவது ரகமும் உண்டு: மனத்தால் ஆடுவோர்!

இவர்கள் தாங்களே ஓர் அணியைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஆட்டக்காரர்கள் உண்மையான பந்தயத்தில் ஆடுவதற்கு ஏற்ப இவர்களுக்குப் "பாயிண்டு" கிடைக்கும். 1980-ல் அமெரிக்க எழுத்தாளர் டேனியல் ஓக்ரென்ட், நண்பர்களுடன் பேஸ்பாலை வைத்து ஆடிய ஆட்டம் இதைப் பிரபலமாக்கியது.

இங்கிலாந்தின் "ஃபாண்டசி பிரீமியர் லீக்" கால்பந்து ஆட்டத்தைப் பாருங்கள். கட்டணம் கிடையாது. கையில் 10 கோடி பவுன். அத்தனையும் கற்பனைப் பணம்! அதற்குள் 15 பேரை வாங்க வேண்டும். நட்சத்திரங்களை மட்டுமே வாங்கினால் பணம் தீர்ந்துவிடும். ஆகவே, பெயர் பெறாத ஆட்டக்காரரின் திறமையையும் தேடிப் பார்க்கிறார்கள். ரசனை வளர்கிறது.

நம் நாட்டிலோ, கிரிக்கெட்டை வைத்துப் பலர் சொந்தப் பணத்தைக் கட்டி ஆடினார்கள். ஒரு "கேட்ச்" நழுவினால் வீட்டுச் செலவுக்கு வைத்த பணம் போகும். இதுவா பொழுதுபோக்கு? பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது நியாயமே.

ஆனால், காசில்லாத ஆட்டத்தை ஏன் விட வேண்டும்? நண்பர்கள் கூடி அணி அமையுங்கள். தோற்றவர் ஜெயித்தவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுக்கட்டும். பந்தயம் அதோடு நிற்கட்டும்!