படம் எடுக்கும் முன் பரிசோதனை

நம் பகுதியில் ‘இடுப்பு வலி’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. மூட்டை தூக்கிய மறுநாள் முதுகின் அடிப்பகுதி பிடித்துக்கொண்டால் அது இடுப்பு வலி. பிரசவ வேதனைக்கும் அதுவே பெயர். பிட்டத்தில் தொடங்கிக் காலில் இறங்கும் நரம்பு வலியையும், தொடை எலும்பு உடலோடு சேரும் மூட்டில் எழும் வலியையும் நாம் அதே சொல்லால்தான் குறிக்கிறோம். வீட்டில் பேசிக்கொள்ள இது போதும். ஆனால் மருத்துவமனையில் இந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு எந்தப் படம் எடுப்பது என்று முடிவு செய்தால், நோய் ஓரிடத்தில் இருக்க, சிகிச்சை வேறோர் இடத்துக்குப் போய்விடும்.

சில காலத்துக்கு முன் லாரி ஓட்டுநர் ஒருவர் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். நாற்பதைத் தாண்டாத வயது. கையில் பெரிய உறை. அதற்குள் முதுகெலும்பின் எம்.ஆர்.ஐ. படம் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக இடுப்பு வலி என்றும், முதுகில் ஜவ்வு விலகியிருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள் என்றும், இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டுதான் வண்டி ஓட்டுவதாகவும் கூறினார். வலிக்கும் இடத்தைக் கையால் காட்டச் சொன்னோம். அவர் கை முதுகுக்குப் போகவில்லை. கட்டைவிரல் பின்னாலும் மற்ற விரல்கள் தொடையிடுக்கை நோக்கி முன்னாலுமாக, இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விப் பிடித்துக் காட்டினார். படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை மெல்ல வெளிப்புறம் நகர்த்தினோம். அப்போது தொடை எலும்பு மூட்டுக்குள் உட்புறமாகச் சுழலும். சிறிது நகர்ந்ததுமே அவர் கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்டார். இந்த இரண்டு ஆண்டுகளில் தம்மை யாரும் இப்படிப் படுக்கவைத்துக் காலைத் திருப்பிப் பார்த்ததில்லை என்றார்.

இடுப்பு மூட்டின் எக்ஸ்ரே எடுத்தோம். இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தொடை எலும்பின் பந்து போன்ற தலை ஏற்கெனவே நசுங்கியிருந்தது. ஏ.வி.என். என்று சொல்லப்படும் நோய் இது. முதுகின் படத்தில் கண்ட ஜவ்வு விலகலும் உண்மைதான். ஆனால் அவருடைய வலிக்கு அது காரணம் அன்று. எலும்புத் தலை நசுங்கும் முன்பே கண்டிருந்தால், எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைப்பது போன்ற வழிகளில் சொந்த மூட்டைக் காக்க முயன்றிருக்கலாம். நசுங்கிய பிறகு பெரும்பாலோருக்கு மூட்டு மாற்று அறுவையே எஞ்சுகிறது. காலால் கிளட்ச் மிதித்துப் பிழைப்பவருக்கு இந்த வேறுபாடு எத்தகையது என்பதைச் சங்ககிரியில் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: இடுப்பு வலிக்கும் தொடையிடுக்கு வலிக்கும், கையால் பரிசோதித்து முடிக்கும் முன் எந்தப் படமும் எடுக்கக் கூடாது. விபத்து போன்ற அவசர நிலைகள் மட்டுமே இதற்கு விலக்கு. இந்தப் பரிசோதனையைச் செய்வது மருத்துவர்களாகிய எங்கள் கடமை. கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

இடுப்பு மூட்டு நாம் கை வைத்து நிற்கும் பக்கவாட்டு எலும்பில் இல்லை. தொடையிடுக்கின் ஆழத்தில், கிண்ணத்துள் பந்து போல அமைந்திருக்கிறது. அதனால் அம்மூட்டின் நோய் பெரும்பாலும் தொடையிடுக்கில் வலியாகத் தோன்றும். மூட்டுக்கு வரும் நரம்புகள் தொடைக்கும் முழங்காலுக்கும் கிளை தருபவை. ஆகையால் சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, முழங்கால் மட்டுமே வலிக்கும். 4 முதல் 8 வயதுக்குள் மிகுதியாக வரும் பெர்த்தீஸ் நோயும், 10 வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு எலும்புத் தலை வளர்தட்டிலிருந்து நழுவும் நோயும் முழங்கால் வலியாக வந்து ஏமாற்றக்கூடியவை. நொண்டி நடக்கும் பிள்ளையின் முழங்காலைப் படம் எடுத்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடுவது பெருந்தவறு.

நல்ல பரிசோதனை கதவருகிலேயே தொடங்குகிறது. நோயாளி நடந்து வருவதை மருத்துவர் பார்க்க வேண்டும். பிறகு வலியுள்ள காலில் மட்டும் நிற்கச் சொல்ல வேண்டும். பக்கவாட்டுத் தசை வலுவிழந்திருந்தாலோ மூட்டு பழுதுற்றிருந்தாலோ, தூக்கிய காலின் பக்கம் இடுப்பு கீழே சரியும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரெடரிக் டிரெண்டலன்பர்க் இதனை 1895இல் எழுதினார். ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது அதே ஆண்டு நவம்பரில். படம் எடுக்க வழியே இல்லாத காலத்தில் கண்ணால் கண்டு வகுத்த சோதனை இது. இன்றும் இதற்கு அரை நிமிடம் போதும்.

அதற்கும் 20 ஆண்டுகள் முந்தியது லிவர்பூல் மருத்துவர் ஹியூ ஓவன் தாமஸ் வகுத்த சோதனை. அவர் பரம்பரையாக எலும்பு கட்டும் குடும்பத்தில் பிறந்தவர். இடுப்பு மூட்டு இறுகிப்போனால், முதுகு வளைந்து கொடுத்து அந்த இறுக்கத்தை மறைத்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். நோயாளியை மல்லாந்து படுக்கச் செய்து, நல்ல காலின் முழங்காலை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொன்னால் முதுகு கட்டிலில் படிந்துவிடும். அப்போது நோயுற்ற கால் தானாக மேலெழும். மறைந்திருந்த இறுக்கம் வெளிப்படும்.

இவற்றோடு காலை நீட்டியபடி உயர்த்தி முதுகு நரம்பைச் சோதிப்பதும், இரு முழங்கால்களுக்கிடையே முட்டியை வைத்து அழுத்தச் சொல்லி உள்தொடைத் தசையைச் சோதிப்பதும், இருமச் சொல்லிக் குடலிறக்கம் உண்டா என்று பார்ப்பதும், நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டறிவதும் சேர வேண்டும். வயிற்றையும் பரிசோதிக்க வேண்டும். சிறுநீரகக் கல்லும், குடல்வால் அழற்சியும், பெண்களுக்குக் கருப்பைப் பகுதி நோய்களும் தொடையிடுக்கில் வலியைக் காட்டுவதுண்டு.

நம் ஊர்க் கபடி இளைஞர்களுக்கு வரும் தொடையிடுக்கு வலி இன்னொரு சான்று. இவ்வலிக்கு ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு பெயர் சொல்லிவந்த குழப்பத்தைத் தீர்க்க, 14 நாடுகளைச் சேர்ந்த 24 வல்லுநர்கள் 2014ஆம் ஆண்டு கத்தார் நாட்டின் தோஹா நகரில் கூடினர். உள்தொடைத் தசை சார்ந்தது, இடுப்பை மடக்கும் தசை சார்ந்தது, குடலிறக்கப் பாதை சார்ந்தது, முன்னிடுப்பெலும்பு சார்ந்தது என்று பிரித்து, இடுப்பு மூட்டிலிருந்து எழும் வலியையும் தனியே வைத்தனர். இந்தப் பிரிவுகளுக்கு அவர்கள் அடிப்படையாகக் கொண்டது, எங்கு அழுத்தினால் வலிக்கிறது, எந்த அசைவைத் தடுத்தால் வலிக்கிறது என்னும் கைப்பரிசோதனையைத்தான்.

‘ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமே’ என்று கேட்பவர்கள் உண்டு. சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ போய்ப் பணம் கட்டிப் படத்தோடு திரும்பினால்தான் வைத்தியம் பார்த்த நிறைவு சிலருக்கு வருகிறது. அந்த நம்பிக்கையை நான் குறை கூறவில்லை. எம்.ஆர்.ஐ. அரிய கருவி. தொடக்க நிலை ஏ.வி.என். எக்ஸ்ரேயில் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் தெரியும். ஆயினும், அந்தப் படத்தை முதுகுக்கு எடுப்பதா இடுப்பு மூட்டுக்கு எடுப்பதா என்று சொல்ல வேண்டியது பரிசோதனைதான். மேலும், வலியே இல்லாத மனிதர்களின் படங்களிலும் ஜவ்வு விலகலும், இடுப்பு மூட்டின் விளிம்புக் கிழிசலும் காணப்படுகின்றன. படத்தில் கண்டதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது.

எக்ஸ்ரே நன்றாக இருப்பதால் நோய் இல்லை என்றும் ஆகிவிடாது. சென்னையின் புகழ்பெற்ற எலும்பு மருத்துவப் பேராசிரியர் டி.கே. சண்முகசுந்தரம், இடுப்பு மூட்டுக் காசநோயை எக்ஸ்ரே தோற்றத்தைக் கொண்டு 7 வகைகளாகப் பிரித்தார். அவற்றுள் ஒரு வகைக்கு ‘இயல்பான வகை’ என்றே பெயர். நோய் இருந்தும் மூட்டின் வடிவம் பெரிதாகச் சிதையாமல் தோன்றும் நிலை அது. அந்த நிலையில் நோயைப் பற்றி நம்மை எச்சரிப்பவை நொண்டலும், அசைவின் குறைவும், இரவில் விழித்து அழும் குழந்தையின் குரலும்தான்.

கைப்பரிசோதனைக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. எந்தத் தனிச் சோதனையும் இறுதித் தீர்ப்பு அன்று. பல சோதனைகளையும் நோயாளி சொல்லும் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வர முடியும். அதற்கு நேரம் வேண்டும். கூட்டம் மிகுந்த நாளில் அந்த நேரத்தைச் சுருக்கிப் படத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது எங்களுக்கு எளிது. அந்தக் குறை எங்கள் பக்கம் இருக்கிறது. திருத்திக்கொள்ள வேண்டியவர்களும் நாங்களே.

உங்கள் பக்கம் உள்ள தடை பெரும்பாலும் கூச்சம். தொடையிடுக்கு என்று சொல்லத் தயங்கி ‘இடுப்பு’ என்றும் ‘தொடை’ என்றும் பலர் சொல்லிவிடுகிறார்கள். சொல்ல நா எழாவிட்டால் விரலால் காட்டுங்கள். அதுவே போதும். பெண்கள், பெண் செவிலியரோ உறவினரோ உடனிருக்க வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம். கால் தாராளமாக மடங்கும்படி தளர்ந்த உடை அணிந்து வருவது நல்லது.

மறைக்கக் கூடாதவை இன்னும் இரண்டு. ஒன்று மது, மற்றொன்று ஸ்டீராய்டு. இரண்டும் ஏ.வி.என். நோய்க்கு முக்கியக் காரணங்கள். கொரோனாவுக்கு ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு இந்நோய் வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தனர். அந்த மருந்து உயிர் காத்தது என்பதும் மெய்யே. மூச்சிரைப்புக்கும் மூட்டு வலிக்கும் பெயர் தெரியாத மாத்திரைகளையும் பொடிகளையும் உட்கொண்டிருந்தால் அவற்றைக் கொண்டுவந்து காட்டுங்கள். பெற்றோர் முன்னிலையில் மதுவைப் பற்றிச் சொல்ல இயலாதவர்கள் தனியே பேச விரும்புவதாகக் கூறினால், உடன் வந்தவர்களைச் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொல்வோம்.

சில நிலைகளில் காத்திருக்கவே கூடாது. கீழே விழுந்த முதியவரின் கால் குட்டையாகிப் பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தால் அது எலும்பு முறிவாக இருக்கலாம். முறிவோடும் சிலர் நடந்துவிடுவர் என்பதால், நடக்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள். காய்ச்சலோடு காலை ஊன்ற மறுக்கும் குழந்தைக்கு மூட்டில் சீழ் வைத்திருக்கலாம். சிறுவனுக்கோ இளைஞனுக்கோ திடீரென விதைப்பையிலும் தொடையிடுக்கிலும் கடும் வலி எழுந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் அதனைக் காக்கும் வாய்ப்பு மிகுதி. குடலிறக்க வீக்கம் உள்ளே போகாமல் வலியும் வாந்தியும் கண்டால் அதுவும் அவசரமே.

மருத்துவமனைக்குப் போய் வந்தவரிடம் ‘ஸ்கேன் எடுத்தார்களா?’ என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அதற்கு முன், ‘நடக்கச் சொன்னார்களா? படுக்கவைத்துக் காலைத் திருப்பிப் பார்த்தார்களா?’ என்று கேளுங்கள். இல்லை என்பது விடையானால், அடுத்த முறை வரும்போது ‘காலைக் கொஞ்சம் பரிசோதித்துப் பாருங்கள்’ என்று எங்களிடம் சொல்லுங்கள். அதனை நாங்கள் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.