சார்ஜருக்கு முன் எர்த்

மின்சார கார் வாங்கியவர்கள் பலருக்கு முதல் வாரத்திலேயே வரும் தலைவலி ஒன்று உண்டு. காரோடு வந்த சார்ஜரை வீட்டு 15 ஆம்பியர் ப்ளக்கில் சொருகினால் சிவப்பு விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. அதே ப்ளக்கில் அயர்ன் பாக்ஸும் கிரைண்டரும் தடையின்றி ஓடுவதால் சந்தேகமெல்லாம் சார்ஜர் மீதே விழும். பெரும்பாலும் சார்ஜர் மீது குற்றமில்லை. ப்ளக்கின் மேலே இருக்கிற பெரிய துளையில், எர்த்தில்தான் குறை. எர்த் இருக்கிறதா என்று கிரைண்டர் பார்ப்பதில்லை. கார் சார்ஜர் பார்க்கும், இல்லையென்றால் மின்சாரம் தர மறுக்கும்.

அதற்கு அடுத்து நடப்பதுதான் கவலைக்குரியது. வருகிற எலக்ட்ரீஷியன் ப்ளக் பாக்ஸைக் கழற்றி, நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு வயரை லூப் அடித்துவிடுவார். சிவப்பு போய்ப் பச்சை எரியும். ஐந்து நிமிட வேலை, இருநூறு ரூபாய் கூலி, எல்லோருக்கும் திருப்தி. ஆனால் அந்த லூப் சார்ஜரை ஏமாற்றியதே தவிர, எர்த்தைக் கொண்டுவரவில்லை.

நியூட்ரல் டிரான்ஸ்பார்மரில் தரையோடு இணைக்கப்பட்டது. அதனால் சாதாரண நாளில் அது எர்த் போலவே தோன்றும். மழைக்காற்றில் கம்பத்து நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டால் கதையே வேறு. வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜ், ஃபேன் வழியாக வரும் மின்சாரத்துக்குத் திரும்பிப் போகப் பாதை இருக்காது. அது லூப் வயர் வழியாகக் காரின் பாடிக்கு வந்து நிற்கும். கார் நிற்பது ரப்பர் டயரில். தரைக்கு இறங்க அதற்குக் கிடைக்கும் வழி, ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து கதவைத் தொடுகிறவர்தான். ப்ளக் ஸ்விட்சை அணைத்தாலும் பயனில்லை, ஸ்விட்ச் துண்டிப்பது பேஸை மட்டும். லூப்பை மீட்டர் போர்டிலேயே போட்டிருந்தால் கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழுந்தால்கூடப் பாடியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் எர்த் கம்பி ஆர்சிசிபிக்குள் போவதே இல்லை.

இது நம் ஊருக்கு மட்டுமான பயம் அல்ல. பிரிட்டனில் பல வீடுகளுக்கு நியூட்ரலும் எர்த்தும் ஒரே கடத்தியாகத்தான் வருகின்றன. அங்கே வெளியில் நிற்கும் காருக்கு அந்த எர்த்தை அப்படியே கொடுக்க வயரிங் விதி அனுமதிப்பதில்லை. நியூட்ரல் போனால் உடனே எர்த்தையும் சேர்த்துத் துண்டிக்கும் கருவி வேண்டும், இல்லையென்றால் தனி எர்த் போட வேண்டும்.

ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயல் பக்கம் கம்பத்திலிருந்து இழுத்த வீடுகளுக்குப் பெரும்பாலும் வருவது பேஸும் நியூட்ரலும்தான். எர்த் என்பது வீடு கட்டும்போது நாமே குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டிப் புதைத்த இரும்பு பைப். பழைய வீடுகளில் அது எந்த மூலையில் இருக்கிறது என்றே வீட்டுக்காரருக்குத் தெரியாது; மேலே சிமென்ட் போட்டு டைல்ஸும் ஒட்டியாயிற்று. சில வீடுகளில் தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டியிருப்பார்கள். அந்த இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பிவிசி போட்ட அன்றே எர்த்தும் போய்விட்டது.

எர்த் இருக்கிறது என்று காட்ட எலக்ட்ரீஷியன்கள் செய்யும் பல்பு சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் பிடித்து, “பாருங்க சார், பளிச்சுன்னு எரியுது” என்பார்கள். எரியும்தான். பல்பின் மின்தடையே சுமார் 530 ஓம். எர்த்தின் தடை 50 ஓமாக இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைத்துவிடும். கண்ணுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் அதே 50 ஓம் எர்த் உள்ள வீட்டில் காரின் பாடியில் பேஸ் பட்டால் ஓடக்கூடிய மின்சாரம் 5 ஆம்பியர்கூட இல்லை. 16 ஆம்பியர் எம்சிபி அதைக் கண்டுகொள்ளாது. 5 ஓம் என்ற நல்ல எர்த்திலும் 46 ஆம்பியர்தான் ஓடும். 7 கிலோவாட் சுவர் சார்ஜருக்குப் போடும் 32 ஆம்பியர் எம்சிபி அதற்கு விழ நிமிடக் கணக்கில் ஆகலாம். எர்த்தை நம்பி ஆர்சிசிபி வேண்டாம் என்பதும், ஆர்சிசிபியை நம்பி எர்த் வேண்டாம் என்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

குழி விஷயத்தில் மண்தான் முக்கியம். ஏரியை ஒட்டிய களிமண் ஈரமாக இருக்கும்வரை நன்றாகக் கடத்தும். மே மாதத்தில் காய்ந்து வெடித்தால் பைப்பைவிட்டு விலகிவிடும். ஆகவே நவம்பரில் அளந்து கிடைத்த நல்ல எண்ணை நம்பக் கூடாது. கோடையில், எர்த் டெஸ்டர் வைத்து, இரண்டு துணைக் கம்பிகளைத் தள்ளி அடித்து அளக்க வேண்டும். எர்த்திங்குக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 3043. அதன்படி பைப் குறைந்தது 2.5 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். ஒரு பைப்பில் எர்த்தின் தடை குறையவில்லையென்றால், அதன் நீளத்துக்குக் குறையாத தூரம் தள்ளி இன்னொன்றை இறக்கி இரண்டையும் இணைக்கலாம். குழிக்கு மூடியுள்ள தொட்டி கட்டி வைத்தால்தான் தண்ணீர் ஊற்றவும், துருப்பிடித்த கிளாம்பை மாற்றவும் முடியும்.

ஆர்சிசிபி வாங்கும்போது முகப்பில் உள்ள சிறு கட்டத்தைப் பாருங்கள். நெளிந்த அலை மட்டும் இருந்தால் அது ஏசி வகை. அலைக்குக் கீழே கோட்டின் மேல் சிறு மேடுகளும் இருந்தால் ஏ வகை. காரின் உள்ளே ஏசி மின்சாரம் டிசியாக மாறுவதால் கசிவிலும் டிசி கலக்கலாம். ஏசி வகை அதில் குருடாகிவிடும். மத்திய மின்சார ஆணையம் 2019-ல் சார்ஜிங் நிலையங்களுக்காகச் சேர்த்த விதிகளில், 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாத, நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும், ஏ வகைக்குக் குறையாத கருவி வேண்டும் என்றே இருக்கிறது. சார்ஜருக்குத் தனி லைன், தரையிலிருந்து 800 மில்லிமீட்டராவது உயரத்தில் சாக்கெட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது என்பவையும் அதில் உள்ளன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தைப் பார்த்த புறநகர்க்காரர்களுக்கு அந்த 800 மில்லிமீட்டரின் அருமையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் பார்க்கிங்கில் ஆளுக்கொரு குழி தோண்டாமல், சங்கமே பொதுவாக எர்த்தைச் சரிசெய்து ஒவ்வொரு சார்ஜருக்கும் செம்பு எர்த் கம்பி இழுப்பது மலிவு. கம்பியின் கனம் பேஸ் கம்பியின் கனத்துக்குக் குறையக் கூடாது.

உங்கள் வீட்டு சார்ஜர் ஒருமுறை சிவப்பு காட்டிவிட்டு, யாரோ வந்து பார்த்த பிறகு பச்சையானது என்றால், மெயினை அணைத்துவிட்டு உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அந்த ப்ளக் பாக்ஸைத் திறந்து பாருங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே துண்டு வயர் இருந்தால் அன்றே எடுக்கச் சொல்லுங்கள். எர்த் அளவை ஓமில் தேதியோடு எழுதித் தரும்வரை அந்த ப்ளக்கில் காரைச் சொருகாதீர்கள்.